கடலோர ஊரில் வாடகை வீடு: உப்புச் செலவு யார் கணக்கில்?

நாகப்பட்டினம், வேளாங்கண்ணி, தரங்கம்பாடிப் பக்கம் வீடு தேடி வருபவர்களுக்கு முதலில் பிடிபடாத விஷயம் வாடகைதான். ஒரே தெரு, ஒரே அளவு, இரண்டு படுக்கையறை. ஒரு வீட்டுக்கு 5,000 ரூபாய் கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். நான்கு வீடு தள்ளி 7,000 கேட்கிறார்கள். மலிவானதைப் பிடித்தவர் ஓராண்டில் குடிநீர் கேன், கீசர், குழாய், பூட்டு, ஃபேன் என்று போட்ட பணத்தைக் கூட்டினால், 7,000 ரூபாய் வீடே லாபம் என்று தெரியவரும். காலி செய்யும்போது "கிரில் துருப்பிடித்துவிட்டது" என்று அட்வான்சிலும் கை வைத்தால் கணக்கு இன்னும் மோசம்.

இதோடு சட்டக் குழப்பமும் சேர்ந்திருக்கிறது. பதினோரு மாத ஒப்பந்தம் போதுமா, அதைப் பதிய வேண்டுமா, அட்வான்ஸ் எத்தனை மாதம், பழுதானால் யார் செலவு? 2017ஆம் ஆண்டின் தமிழ்நாடு நில உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள் மற்றும் பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருந்தும், சிறிய ஊர்களில் பாதிப் பேர் இன்னும் 1960ஆம் ஆண்டுச் சட்டத்தை நினைத்துக்கொண்டே பேசுகிறார்கள்.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் விஷயம் விளங்கும். கடலோர வீட்டைத் தின்பது உப்பு. அந்தச் செலவை வீட்டுக்காரர் தலையிலோ குடியிருப்பவர் தலையிலோ கட்டுவது ஒப்பந்தம். ஒப்பந்தத்தில் உப்பைப் பற்றி ஒரு வரியும் இல்லாவிட்டால் அது யார் தலையில் விழுகிறது என்பதைச் சட்டத்தின் ஒரு பட்டியல் தீர்மானிக்கிறது. அந்தப் பட்டியல் கடற்கரையை மனதில் வைத்து எழுதப்பட்டதல்ல.

## உப்பு எப்படி வீட்டுக்குள் வருகிறது

மூன்று வழி: காற்று, நிலம், தண்ணீர்.

அலை உடையும்போது தெறிக்கும் நுண்துளிகளைக் காற்று தூக்கி வருகிறது. கரையிலிருந்து முதல் சில நூறு மீட்டரில்தான் இதன் வீச்சு அதிகம். உள்ளே போகப் போகச் சட்டென்று குறையும். நடுவில் சவுக்குத் தோப்போ, வரிசையாக வீடுகளோ இருந்தால் இன்னும் குறையும். ஆகவே "கடலிலிருந்து எவ்வளவு தூரம்" என்று கேட்டால் மட்டும் போதாது. வீட்டுக்கும் கடலுக்கும் நடுவில் என்ன நிற்கிறது என்று பார்க்க வேண்டும். கடலைப் பார்த்த முதல் வரிசை வீடும் அதன் பின்னால் மூன்றாவது வரிசை வீடும் தூரத்தில் நூறு மீட்டர்தான் வித்தியாசப்படும், துருவில் அப்படியல்ல.

சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினால் தானாகவே நீரை இழுத்துக் கசியும். கடல் உப்பில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடு அதைவிட வறண்ட காற்றிலும் நீர் இழுக்கும். அதனால்தான் மழையே பெய்யாத நாளிலும் கடலோரத்து இரும்பு ஈரமாகவே இருக்கிறது. இன்னொரு விசித்திரம்: வெட்டவெளியில் மழை படும் கிரில்லைவிட, சன்ஷேடுக்கு அடியில் மழையே படாமல் இருக்கும் கிரில் சீக்கிரம் துருப்பிடிக்கும். மழை உப்பைக் கழுவிவிடுகிறது. சன்ஷேடு அதைக் காப்பாற்றி வைக்கிறது. வீடு பார்க்கப் போகும்போது வாசல் கிரில்லைப் பார்த்துத் திருப்திப்பட்டுவிடாமல், பால்கனியின் உள்மூலையையும் ஜன்னல் கம்பி சட்டத்தில் செருகியிருக்கும் இடத்தையும் பார்க்க வேண்டியதற்குக் காரணம் இதுதான்.

நிலத்து உப்பு சுவர் வழியாக ஏறுகிறது. ஈரம் செங்கல்லின் நுண்துளைகளில் மேலே ஏறி, வெளியே வந்து ஆவியாகும் இடத்தில் உப்பை விட்டுவிட்டுப் போகும். தரையிலிருந்து இரண்டு, மூன்று அடி உயரத்தில் வெள்ளையாகப் பூத்து, பெயின்ட் பொடிப்பொடியாக உதிர்வதைத்தான் "சுவர் உப்பு பூத்திருக்கு", "ஓதம் ஏறியிருக்கு" என்கிறோம். இதன் மேல் சிமென்ட் பூசி மறைத்த வீட்டில் ஓதம் நிற்காது. வெளியேற வழியில்லாமல் பூச்சுக்கு மேலே இன்னும் ஓரடி ஏறிப் பூக்கும். சுவரின் அடிப்பாகம் மட்டும் புதுப் பூச்சோ டைல்ஸோ ஒட்டியிருந்தால் அது அழகுக்காக மட்டும்தானா என்று கேளுங்கள். பழைய சுண்ணாம்புக் காரைச் சுவர்கள் இந்த விஷயத்தில் தேவலை. அவை ஈரத்தை வெளியே விடும், வெள்ளையடித்தால் சரியாகிவிடும்.

## காங்கிரீட் ஏன் பெயர்ந்து விழுகிறது

காங்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பிக்கு இயற்கையிலேயே ஒரு காப்பு உண்டு. சிமென்ட்டின் காரத்தன்மையால் கம்பியின் மேல் உருவாகும் மெல்லிய படலம் துருவைத் தடுக்கிறது. உப்பிலுள்ள குளோரைடு உள்ளே ஊறி அந்தப் படலத்தை உடைக்கிறது. பிறகு கம்பி துருப்பிடிக்கும். துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். அந்த நெருக்குதலில் காங்கிரீட் விரிசல் விட்டு, பாளம் பாளமாகக் கீழே விழுகிறது.

குளோரைடு கம்பியை எட்ட எவ்வளவு காலம் ஆகும் என்பது கம்பிக்கு வெளியே இருக்கும் காங்கிரீட்டின் தடிமனைப் பொறுத்தது. கொத்தனார்கள் 'கவர்' என்பார்கள். காங்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456 (2000), மிதமான சூழலுக்கு 30 மி.மீ., கடலோரம் போன்ற கடுமையான சூழலுக்கு 45 மி.மீ., அலைத்தூவல் நேரடியாகப் படும் இடத்துக்கு 50 மி.மீ. கவர் கேட்கிறது. கலவைக்கு ஊற்றும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது. கட்டும்போது பக்கத்துப் போர் தண்ணீரையே ஊற்றிக் கலந்த வீட்டில் உப்பு வெளியிலிருந்து வரக் காத்திருக்கவே இல்லை; முதல் நாளே உள்ளே இருக்கிறது.

குடியிருக்கப் போகிறவர் இதையெல்லாம் அளக்க முடியாது. ஆனால் பத்து நிமிடத்தில் பார்க்கக்கூடியவை உண்டு:

1. கூரையின் அடிப்பக்கத்தில் ஒரே இடைவெளியில், ஒன்றுக்கொன்று இணையாக ஓடும் காவிநிறக் கோடுகள். அவை கம்பி ஓடும் தடம். மழை ஒழுகிய கறை இப்படி ஸ்கேல் வைத்துப் போட்டதுபோல் இருக்காது.
2. ஒரு துடைப்பக் கட்டையால் கூரையைத் தட்டிக்கொண்டே போங்கள். 'டக் டக்' என்ற சத்தம் ஓரிடத்தில் 'டொப்' என்று மாறினால் அங்கே பூச்சோ காங்கிரீட்டோ விட்டுப்போயிருக்கிறது. கட்டிலும் தொட்டிலும் போடும் இடத்துக்கு மேலே இதைக் கட்டாயம் செய்யுங்கள்.
3. குளியலறைக் கூரை, தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே உள்ள சிலாப், மாடிப்படியின் அடிப்பக்கம். முதலில் கெடுவது இவைதான்.
4. ஃபேன் கொக்கி. மேல் மூடியைக் கீழே இறக்கச் சொல்லி, கொக்கியையும் அதில் மாட்டியிருக்கும் போல்ட்டையும் டார்ச் அடித்துப் பாருங்கள். துரு செதில் செதிலாக உதிர்ந்தால் மாற்றித் தந்த பிறகே குடிபோக வேண்டும். ஓடும் ஃபேன் கழன்று விழுவது கதையல்ல.

புதிதாகப் பெயின்ட் அடித்த கூரையைப் பார்த்து மயங்க வேண்டாம். கடலோரத்தில் புதுப் பெயின்ட் என்பது சில சமயம் நல்ல பராமரிப்பு, சில சமயம் மறைப்பு. தட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

## தண்ணீர்: இரண்டு முறை அளக்க வேண்டும்

கடற்கரை மணலுக்கு அடியில் மழைநீர் ஒரு படலமாக, கடல்நீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. நன்னீர் லேசு, கடல்நீர் கனம். இரண்டின் எடை வித்தியாசத்தைக் கணக்கிட்டால், கடல்மட்டத்துக்கு மேலே ஓரடி நன்னீர் நின்றால் அதைத் தாங்க, கீழே சுமார் நாற்பது அடி ஆழத்துக்கு நன்னீர் இருக்கும். மறுபக்கம் இதே கணக்கு எதிராகத் திரும்பும். மேலே ஓரடி இறைத்துவிட்டால், கீழேயிருந்து உப்புநீர் பல அடி எழும்பி வரும்.

எட்டடி, பத்தடி உறைக்கிணற்றில் இனிக்கும் தண்ணீர், அதே மனையில் நூறடி போர் போட்டால் கரிப்பதற்குக் காரணம் இதுதான். "போர் ஆழமாப் போட்டிருக்கோம்" என்று வீட்டுக்காரர் பெருமையாகச் சொன்னால் மதுரையில் அது நல்ல செய்தி. இங்கே, அடுத்த கேள்விக்கான சமயம்.

டி.டி.எஸ். மீட்டர், தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பு முதலிய திடப்பொருளை அளக்கும் ஒரு பேனா அளவுக் கருவி. விலை சில நூறு ரூபாய். அதை எடுத்துப் போய் இப்படிச் செய்யுங்கள்:

1. மோட்டாரைப் போட்டதும் வரும் தண்ணீரை ஒரு டம்ளரில் பிடித்து அளந்து குறித்துக்கொள்ளுங்கள். தொட்டியிலிருந்து வரும் குழாயில் பிடிக்கக் கூடாது. அதில் நகராட்சித் தண்ணீர் கலந்திருக்கலாம்.
2. மோட்டாரை அரைமணி நேரம் ஓடவிட்டு மறுபடி அளங்கள். எண் ஏறியிருந்தால் கீழேயிருந்து உப்பு எழும்புகிறது என்று பொருள். நான்கு குடும்பம் இறைக்கும் கோடையில் இது இன்னும் ஏறும்.
3. எந்த மாதத்தில் அளக்கிறீர்கள் என்பதையும் கணக்கில் எடுங்கள். டிசம்பரில், வடகிழக்குப் பருவமழை முடிந்த கையோடு எல்லாத் தண்ணீரும் நன்றாகத்தான் இருக்கும். உண்மையான எண் மே, ஜூனில் தெரியும். டிசம்பரில் வீடு பிடிப்பவர் பக்கத்து வீட்டு அம்மாவிடம் "சித்திரையில சோப்பு நுரைக்குமா?" என்று கேட்பது மீட்டரைவிட நம்பகமானது.

குடிநீருக்கான ஐ.எஸ். 10500 தரநிலைப்படி கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு வழியே இல்லாவிட்டால் 2,000 வரை அனுமதி. குளோரைடுக்கு இந்த எல்லைகள் 250, 1,000. அளந்த எண்ணை வைத்து ஒரு நடைமுறைக் கணிப்பு: 500க்குள் இருந்தால் கவலையில்லை. 1,000 அளவில் குளிக்க, துவைக்க ஆகும். குடிக்க வேறு பார்க்க வேண்டும். 2,000ஐத் தாண்டினால் அந்தத் தண்ணீர் படும் பொருள்கள் எல்லாவற்றின் ஆயுளையும் பாதியாக வைத்துக் கணக்குப் போடுங்கள். கீசரின் காயில், வாஷிங் மெஷின், ஷவர், குழாய் எல்லாம் அதில் அடங்கும்.

ஆர்.ஓ. இயந்திரம் வாங்கிவிட்டால் தீர்ந்தது என்று நினைப்பவர்கள் உண்டு. வீட்டு ஆர்.ஓ. உள்ளே போகும் தண்ணீரில் பாதிக்கு மேல் கழிவாக வெளியே தள்ளும். உப்பு ஏற ஏறக் கழிவும் ஏறும், சவ்வும் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். கழிவுநீரை வாழைக்கு ஊற்றினால் வாழை கருகும்.

பணமாகப் பார்த்தால் இப்படி: நாளுக்கு ஒரு 20 லிட்டர் கேன், ஒன்று 35 ரூபாய் என்று வைத்தால் மாதம் 1,050. சமையலுக்கும் சேர்த்து ஒன்றரைக் கேன் என்றால் 1,575. மேலே சொன்ன 2,000 ரூபாய் வாடகை வித்தியாசத்தில் முக்கால்வாசி தண்ணீரிலேயே போய்விட்டது. ஆகவே வீட்டில் நகராட்சி அல்லது பேரூராட்சிக் குடிநீர் இணைப்பு இருக்கிறதா, எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது, எவ்வளவு நேரம், அதைப் பிடித்து வைக்கத் தரையடித் தொட்டி உண்டா என்ற நான்கு கேள்விக்கும் பதில் வாங்காமல் வாடகை பேசக் கூடாது.

## மின்சாரம்: எர்த்தும் மீட்டரும்

எர்த் குழாயும் கம்பியும் உப்பு மண்ணில் சில ஆண்டுகளில் அரித்துப்போகும். போனது வெளியே தெரியாது. எல்லாம் வழக்கம்போல் எரியும், ஓடும். பிரிட்ஜைத் தொட்டால் 'சுர்' என்று இழுக்கும்போதுதான் தெரியவரும். மெயின் போர்டில், மின்கசிவு ஏற்பட்டால் தானாக இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதிலுள்ள 'டெஸ்ட்' பொத்தானை அழுத்துங்கள். டக்கென்று விழ வேண்டும். விழவில்லை என்றால் அதுவும் உப்புக்கு இரையாகிவிட்டது. கடல்பக்கச் சுவரில் இருக்கும் சுவிட்ச் போர்டில் எலக்ட்ரீஷியனை விட்டு ஒரு ஸ்க்ரூவைக் கழற்றச் சொன்னால், உள்ளே பச்சை பூத்திருப்பது தெரியும். பித்தளை, செம்பு முனைகள் இப்படித்தான் கெடும்.

ஏ.சி. வைத்திருப்பவர்கள் வெளி யூனிட்டைக் கடல்பக்கம் மாட்டாதீர்கள். செப்புக் குழாயும் அலுமினியத் தகடும் உப்பு ஈரத்தில் ஒன்றையொன்று அரித்து, கேஸ் கசியும். தவறாமல் மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரால் அதைக் கழுவிவிடுவது செலவில்லாத வைத்தியம். போர் தண்ணீரால் கழுவுவது உப்பின் மேல் உப்பு.

மீட்டர் விஷயம் கடலோரத்துக்கு மட்டும் உரியதல்ல என்றாலும், மேல்வீடு கீழ்வீடாகப் பிரித்து வாடகைக்கு விடும் சிறு ஊர்களில் சண்டை இங்கேதான் தொடங்குகிறது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை போடும் கணக்கில் வீட்டுக்குக் கிடைக்கும் இலவச யூனிட் இணைப்புக்கு, குடும்பத்துக்கு அல்ல. இரண்டு குடும்பம் ஆளுக்கு 300 யூனிட் எரித்து ஒரே மீட்டரில் 600 ஆனால், 500ஐத் தாண்டியவர்களுக்கான விகிதம் பொருந்தும். தனித்தனி இணைப்பாக இருந்திருந்தால் இருவரும் அந்தப் பக்கமே போயிருக்க மாட்டார்கள். சப் மீட்டர் போட்டு "யூனிட்டுக்கு இத்தனை" என்று வாங்கும் வீட்டில், அந்தத் தொகை எந்த அடிப்படையில் என்று ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள்.

## சட்டத்தின் பட்டியல் உப்பை யாரிடம் தள்ளுகிறது

2017 சட்டத்தின் அடிப்படைகள் சுருக்கமாக. எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இல்லாமல் வாடகைக்கு விடவோ எடுக்கவோ கூடாது. அந்த ஒப்பந்தத்தை வாடகை அதிகாரியிடம், இதற்கென உள்ள அரசு இணையதளம் வழியாகப் பதிந்து பதிவு எண் பெற வேண்டும். வாடகை அதிகாரி என்பவர் துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத அலுவலர். இது பத்திரப் பதிவு அலுவலகத்தில் செய்யும் பதிவு அல்ல, வேறு. பதினோரு மாதம் என்று போடும் வழக்கம் 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்திலிருந்து வந்தது. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளரிடம் கட்டாயம் பதிய வேண்டும் என்பதால் ஒரு மாதம் குறைத்துக்கொண்டார்கள். வாடகை அதிகாரியிடம் பதிவதிலிருந்து அந்தப் பதினோரு மாதம் யாரையும் காப்பாற்றாது.

"நமக்குள்ள எதுக்குப் பேப்பர்" என்று விடுவதில் ஆபத்து குடியிருப்பவருக்கும்தான். எழுத்து ஒப்பந்தம் செய்துகொள்ளவில்லை என்பதையே காரணமாகக் காட்டிக் காலி செய்யக் கோர, சட்டத்தின் 21ஆம் பிரிவு வீட்டுக்காரருக்கு வழி தருகிறது.

இப்போது அந்தப் பட்டியலுக்கு வருவோம். சட்டத்தின் இரண்டாம் அட்டவணை பழுதுபார்க்கும் பொறுப்பைப் பிரிக்கிறது. வீட்டுக்காரர் பக்கம்: கட்டுமானப் பழுது, வெள்ளையடிப்பு, கதவு ஜன்னல் பெயின்ட், தேவைப்படும்போது தண்ணீர் ஓடும் பைப் மாற்றுதல், வயரிங். குடியிருப்பவர் பக்கம்: திறந்து மூடும் தண்ணீர்க் குழாயும் (டேப்) வாஷரும், கீசர் பழுது, சுவிட்சும் பிளக்கும், சர்க்யூட் பிரேக்கர், கதவு ஜன்னல் பூட்டும் கைப்பிடியும், கொசுவலை, கண்ணாடி.

கோயம்புத்தூரில் இந்தப் பிரிவினை நியாயமானது. பெரியது வீட்டுக்காரருக்கு, சில்லறை குடியிருப்பவருக்கு. கடலோரத்தில் அந்தச் சில்லறைதான் பெரிய செலவு. குழாய், கீசர், பூட்டு, தாழ்ப்பாள், வலை, பிரேக்கர் என்று உப்பு முதலில் தின்னும் பொருள்கள் அத்தனையும் ஒரே பத்தியில் குடியிருப்பவர் பெயரில் வரிசையாக நிற்கின்றன. யாரும் வேண்டுமென்று செய்ததல்ல. ஆனால் விளைவு இதுதான்.

மீள வழி சட்டத்திலேயே இருக்கிறது. அட்டவணையில் உள்ளபடி, அல்லது ஒப்பந்தத்தில் ஒத்துக்கொண்டபடி என்று அது இடம் விடுகிறது. இயல்பான தேய்மானத்துக்குக் குடியிருப்பவர் பொறுப்பல்ல என்றும் சொல்கிறது. ஆகவே ஒப்பந்தத்தில் சேர்க்க வேண்டிய வரிகள் இவை. வீட்டுக்காரர்கள் பொதுவாக மறுப்பதில்லை, கேட்பவர்கள்தான் குறைவு.

1. "கடற்காற்று, உப்புநீர், ஓதம் ஆகியவற்றால் இரும்பு, பூச்சு, பெயின்ட், மின்சாதனப் பொருத்திகளில் ஏற்படும் துரு, உதிர்வு, நிறமாற்றம் இயல்பான தேய்மானமாகக் கொள்ளப்படும்." அட்வான்சைக் காப்பாற்றும் வரி இது.
2. "வீட்டோடு பொருத்தித் தரப்பட்ட கீசர், மோட்டார், ஆர்.சி.சி.பி., எர்த் ஆகியவற்றை மாற்றும் செலவு உரிமையாளருடையது. குழாய் வாஷர், பூட்டு, வலை குடியிருப்பவருடையது." பாதிக்குப் பாதி என்று பேசினாலும் சரி, எழுதியிருந்தால் போதும்.
3. "வெளிக் கிரில்லுக்கும் கதவுக்கும் உரிமையாளர் ஆண்டுக்கு ஒருமுறை துரு சுரண்டி, ரெட் ஆக்சைடு பூசி, மேலே பெயின்ட் அடித்துத் தர வேண்டும்." மாதமும் எழுதுங்கள். வாடைக்காற்று தொடங்குவதற்கு முன், செப்டம்பருக்குள் என்பது நல்லது. மழைக்காலத்தில் அடித்த பெயின்ட் தோலாக உரியும்.
4. குடிபுகும் நாளன்று தண்ணீரின் டி.டி.எஸ். அளவும் மின்மீட்டர் எண்ணும்.
5. துருவும் விரிசலும் உள்ள இடங்களின் புகைப்படங்கள், தேதியோடு, இருவரும் கையெழுத்திட்ட இணைப்பாக. தூரத்திலிருந்து ஒரு படம், பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் வைத்து ஒரு படம். நாணயம் இருந்தால் விரிசலின் அளவைப் பற்றிப் பிறகு வாதம் வராது.

வீட்டுக்காரர் தன் பங்குப் பழுதை எழுதிக் கேட்டும் செய்யவில்லை என்றால், குடியிருப்பவர் தானே செய்து செலவை வாடகையில் கழித்துக்கொள்ளலாம். இதில் முக்கியமான சொல் 'எழுதி'. வாட்ஸாப்பில் படத்தோடு அனுப்பி, பதிலைச் சேமித்து வைத்து, பில் வாங்கிவிட்டுக் கழிப்பது ஒன்று. பேசாமல் ஒரு மாதம் குறைத்துக் கொடுப்பது இன்னொன்று. இரண்டாவது வாடகைப் பாக்கியாகத்தான் பார்க்கப்படும். தகராறு முற்றி வீட்டுக்காரர் தண்ணீர் வால்வை மூடுவதும் ஃபியூஸைப் பிடுங்குவதும் சட்டப்படி கூடாது; வாடகை அதிகாரியிடம் முறையிடலாம்.

## ஒத்திக்கு வீடு

"வாடகை வேண்டாம், மூன்று லட்சம் கொடுங்க, காலி பண்ணும்போது முழுசாத் திருப்பித் தர்றேன்." ஒத்தி, போக்கியம், லீஸ் என்று பல பெயர். பெயர் எதுவானாலும், பணத்துக்கு ஈடாக வீட்டை அனுபவிக்கக் கொடுப்பது சொத்து மாற்றச் சட்டத்தின் கண்ணில் அனுபவ அடமானம். நூறு ரூபாய்க்கு மேற்பட்ட இத்தகைய அடமானத்தைப் பதிவு செய்த பத்திரத்தின் மூலமே செய்ய முடியும். வெறும் முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கி வைத்திருப்பது, பணம் கொடுத்ததற்கான சீட்டு. வீட்டின் மேல் உரிமை தருவதில்லை. அந்த வீடு ஏற்கெனவே வங்கியில் அடமானத்தில் இருந்தால் வங்கிக்கே முதல் உரிமை. வில்லங்கச் சான்று பார்க்காமல் ஒத்தி போடக் கூடாது.

கடலோர ஒத்தியில் இன்னொரு கண்ணி உண்டு. வாடகை என்று ஒன்று இல்லாததால், பழுதுச் செலவைக் கழித்துக்கொள்ள எதுவும் இல்லை. மூன்றாண்டு ஒத்திக்கு இருப்பவர் கிரில், மோட்டார் என எல்லாவற்றையும் தானே மாற்றிவிட்டுக் கடைசியில் கொடுத்த மூன்று லட்சத்தை மட்டும் வாங்கிக்கொண்டு போவதுதான் வழக்கம். மேலே சொன்ன வரிகள் ஒத்திப் பத்திரத்துக்கு இன்னும் அவசியம்.

## மனை யாருடையது

கோயில் ஊர்களில் வீட்டைக் கட்டியவர் ஒருவர், மனை கோயிலுடையது. அவர் கோயிலுக்கு மனை வாடகை கட்டுகிறார். நீங்கள் அவருக்கு வீட்டு வாடகை கட்டுகிறீர்கள். கோயில் கணக்கில் பாக்கியோ, ஆக்கிரமிப்பு என்ற சர்ச்சையோ இருந்தால், அறநிலையத் துறைச் சட்டத்தின் 78ஆம் பிரிவின் கீழ் வரும் வெளியேற்ற ஆணை வாசலில் ஒட்டப்படும்போது உள்ளே இருப்பவர் நீங்கள்தான். சொத்து வரி ரசீது, மின் இணைப்பு அட்டை, கோயில் மனையானால் கடைசியாகக் கட்டிய மனை வாடகை ரசீது ஆகிய மூன்றிலும் உள்ள பெயரைச் சரிபாருங்கள். 2004 சுனாமிக்குப் பிறகு கட்டித் தரப்பட்ட குடியிருப்புகளில் வீடு எடுப்பவர்கள் ஒதுக்கீடு யார் பெயரில் என்று கேட்பது நல்லது. வாடகை வாங்குபவர் அவராகவே இருக்க வேண்டும் என்பதில்லை.

கரையோர மனைகளில், கட்டுமானத்தைக் கட்டுப்படுத்தும் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையும் குறுக்கே நிற்கும். "அடுத்த வருஷம் மாடியில ஒரு ரூம் எடுத்துத் தர்றேன்" என்ற வாக்குறுதியை நம்பி வாடகை கூட்டிப் பேசாதீர்கள். அதற்கு அனுமதி கிடைப்பது அவர் கையில் இல்லை.

## சீசனும் புயலும்

வேளாங்கண்ணியில் ஆகஸ்ட் 29 கொடியேற்றம் முதல் செப்டம்பர் 8 திருவிழா வரை ஓர் அறையின் நாள் வாடகை எங்கேயோ போய்விடும். அந்தப் பதினோரு நாளைக்கு மாத வாடகைக்காரர் வீட்டுக்காரருக்கு நஷ்டக் கணக்காகத் தெரிவார். மாடியை மட்டும் "கொஞ்சம் நாள் விட்டுக்கொடுங்க" என்று கேட்பதும், மார்ச்சில் வாடகைக்குக் கொடுத்து ஆகஸ்ட்டில் காலி செய்யச் சொல்வதும் இதனால்தான். ஒப்பந்தக் காலம் முழுவதும் தொடர்ச்சியாகக் குடியிருக்கும் உரிமை உண்டு என்ற வரியும், மொட்டைமாடி, கிணறு, வாசல் ஆகியவை யாருடைய புழக்கத்தில் என்ற வரியும் இருந்தால் பேச்சு அங்கேயே முடியும். கடலோடிகள் குடியிருக்கும் வீடென்றால் வேறொரு காலண்டர்: கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. அந்த இரண்டு மாத வாடகையை ஜூலை, ஆகஸ்ட்டில் பிரித்துக் கட்டலாம் என்று எழுதிக்கொள்வது இருவருக்கும் நல்லது. தொடர்ந்து இரண்டு மாதம் பாக்கி என்பது வெளியேற்றத்துக்குக் காரணமாகக்கூடும்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்த கஜா புயல் காட்டிய பாடம் காற்றைவிட அதற்குப் பிறகு வந்த இருட்டு. மின்கம்பங்கள் விழுந்து பல கிராமங்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை, மோட்டார் இல்லை, தண்ணீர் இல்லை. வீடு பார்க்கும்போது கைப்பம்போ, வாளி இறங்கும் கிணறோ இருக்கிறதா என்று பார்க்கச் சொல்வது பழங்காலத்துப் பேச்சல்ல. மாடியில் தகர ஷெட் இருந்தால் தகரத்தைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் ஜே போல்ட்டுகளைப் பாருங்கள். தகரம் பறப்பது தகரம் பலவீனமானதால் அல்ல, போல்ட்டு துருப்பிடித்ததால்.

புயலில் வீட்டின் பெரும்பகுதி குடியிருக்கவே முடியாதபடி நிரந்தரமாகச் சிதைந்தால், குத்தகையை முடித்துக்கொள்ளும் உரிமையைச் சொத்து மாற்றச் சட்டத்தின் 108(e) பிரிவு குடியிருப்பவருக்குத் தருகிறது. உங்கள் சாமான்களுக்கு அது பொருந்தாது. வாடகை வீட்டில் இருப்பவரும் வீட்டுச் சாமான்களுக்கு மட்டும் காப்பீடு எடுக்கலாம். 2021 ஏப்ரல் முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் விற்கும் 'பாரத் கிருஹ ரக்ஷா' பாலிசியில் புயலும் வெள்ளமும் அடங்கும். துரு அடங்காது. மெல்ல மெல்ல அரிப்பதை எந்தக் காப்பீடும் விபத்தாக எடுத்துக்கொள்வதில்லை.

## அட்வான்சும் காலி செய்யும் நாளும்

அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது என்பது சட்டத்தின் பொது விதி. ஒப்பந்தத்தில் வேறு தொகைக்குச் சம்மதித்துக் கையெழுத்திட்டால் அது வேறு. வீட்டை ஒப்படைத்து ஒரு மாதத்துக்குள், பாக்கி ஏதாவது இருந்தால் கழித்துக்கொண்டு, திருப்பித் தர வேண்டும்.

சாவி கொடுக்கும் நாளில் முதல் நாள் எடுத்த படங்களைக் கையில் வைத்துக்கொண்டு, அதே இடங்களை அதே நாணயத்தோடு மறுபடி எடுங்கள். வீட்டுக்காரரும் உடன் நிற்கட்டும். மின்மீட்டர் எண்ணைப் படம் பிடித்து, கடைசி ரீடிங்குக்குப் பிறகு எரிந்த யூனிட்டுக்கான தொகையை அங்கேயே கொடுத்துவிடுங்கள். "பில் வந்ததும் பார்த்துக்கலாம்" என்றால் இரண்டு மாதம் அட்வான்ஸ் அதற்காகவே நிற்கும். கிரில்லுக்குப் பெயின்ட் என்று பிடிக்க வந்தால், ஒப்பந்தத்தில் சேர்த்த தேய்மான வரியைக் காட்டுங்கள். பிடித்தே தீருவேன் என்றால் எதற்கு, எவ்வளவு, எந்தக் கடை பில் என்று எழுதித் தரக் கேளுங்கள். வாடகை அதிகாரி முதலில் கேட்கப்போவது அந்தத் தாளைத்தான்.